ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச்

அந்த மனிதரை முதல்முதலாகப் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. கொச்சியில், கொச்சங்காடியில் எங்கள் மெத்தைக் கடைக்கு எதிரே, இஞ்சி மூட்டை ஏற்றி வந்த மினி லாரி ஒன்று ஸ்கூட்டரில் போனவனை இடித்துத் தள்ளியிருந்தது. ஆள் சாக்கடை ஓரமாகக் கிடந்தான். ஒரு கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. தூக்கலாமா, ஆட்டாமல் வைத்திருக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டையை இன் செய்து, பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து நடந்துவந்த ஒருவர் எங்களை விலக்கிக் குனிந்து பார்த்தார். உயிர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்புறம் என்ன என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனைத் தாண்டிக் கடைக்குள் நுழைந்து, கறுப்பு ரெக்ஸின் இருக்கிறதா என்று கேட்டார்.

தாண்டி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. காலைத் தூக்கி, அந்த ஆளுக்கு அந்தப்பக்கம் வைத்துத் தாண்டினார்.

அவர் பெயரை எழுத எனக்கு மனசில்லை. ஊரில் எல்லாரும் 'சார்' என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். திருச்சிப் பக்கத்துக்காரர். மனைவி மட்டாஞ்சேரிக்காரர், எங்களுக்கெல்லாம் சேச்சி. சார் வடக்கே ஏதோ ஒரு ஊரில் முப்பது வருஷம் போர்விமானத்து நாற்காலியைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் சேச்சியின் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். சும்மா உட்காருகிற நாற்காலி இல்லை அது. விமானம் தீப்பிடித்துக்கொண்டால் பைலட் தன் கால்களுக்கு நடுவில் இருக்கிற வளையத்தை இழுப்பாராம். அடியில் இருக்கிற மருந்து வெடித்து, நாற்காலி ஆளோடு சேர்ந்து கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு வெளியே போய்விழும். அங்கே பாராசூட் விரியும். இத்தனையும் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் நடந்துவிடும் என்பார்.

நல்ல வேலை, உயிரைக் காப்பாற்றுகிற வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல், ஒரு பெரிய பழுப்பு உறையோடு கடைக்கு வந்தார். உள்ளே எக்ஸ்ரேக்கள். எல்லாம் நாற்காலியோடு வெளியே பாய்ந்து உயிர் பிழைத்த பைலட்டுகளின் முதுகெலும்பு. ஒன்றை எடுத்து எங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முள்ளெலும்பு மட்டும் கதவுக்கு வைக்கிற ஆப்பு மாதிரி ஒருபக்கம் நசுங்கியிருந்தது. அழகாக இல்லையா என்று கேட்டார். அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் ஒரு விரற்கடை குட்டையாகிப்போய், யூனிஃபார்ம் சட்டையெல்லாம் அவருக்கு நீளமாகிவிட்டதாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் விரல் பட்ட இடத்திலெல்லாம் ஃபிலிமில் நெய் படிந்திருந்தது.

இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அவருக்கென்ன? உயிரோடதானே இருக்கார்."

இதுதான் அவருடைய அளவுகோல், முழுக்க முழுக்க. உயிர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில், நடுவில் ஒன்றும் கிடையாது. வேலையில் அப்படி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இவர் அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். புருஷனிடம் அடிவாங்கி முகம் வீங்கி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைச் சொன்னார். ஆலுவாவில் என் மாமனார் வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து, கட்டிலிலிருந்து பத்திரம்வரை எல்லாம் சேறாகிப்போய் அவர் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்திருந்தபோது அவரிடமும் சொன்னார். மாமனார் பாவம், ஆமாம் சார், அல்லா காப்பாற்றினான் என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடைச் சார் தனக்கு வந்ததாகத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

டம்மிகளிடம் மட்டும் அவருக்குப் பிரியம் உண்டு. சோதனைக்காக நாற்காலியில் கட்டி வைக்கிற, மனுஷ அளவு இரும்பு பொம்மைகள். ஆல்பத்தில் பக்கம் பக்கமாக அவற்றின் படங்கள்தான். இவர் இத்தனை தடவை போனார், இவருக்குக் கழுத்து மாற்றினோம் என்று ஒவ்வொன்றையும் 'அவர்' போட்டுத்தான் சொல்வார். சொந்தக் கல்யாணப் படம் ஒன்றுகூட அந்த ஆல்பத்தில் இல்லை.

சேச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்தால் கம்பை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. சார் வேண்டாம் என்றுவிட்டார். வசதிக்குக் குறைவில்லை. இந்த வயசில் நடந்து எங்கே போகப்போகிறாள் என்றார். கட்டிலில் போட ஒரு மெத்தை வேண்டும், தென்னைநார் மட்டும் வைத்து, பலகை மாதிரி கெட்டியாக வேண்டும் என்று என்னை அளவெடுக்கக் கூப்பிட்டார். போனேன். மூத்திர நாற்றத்தில் அந்த அறையில் நிற்க முடியவில்லை. சேச்சியின் முதுகில் புண் வைத்து, நைட்டி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சார் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் டேப்பை நீட்டியபோது சேச்சி என் கையைப் பிடித்து, அவருக்குக் கேட்காத குரலில், "மோனே, இத்திரி பதுபதுத்தது மதி" என்றார். கொஞ்சம் மெத்தென்று இருந்தால் போதும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

நார் மெத்தையின் மேல் இரண்டு இஞ்சுக்கு நல்ல ஸ்பாஞ்சை வைத்து உறைபோட்டுத் தைத்தேன். சார் வந்து ஓரத்தில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் நான் நாரை மட்டும்தான் விட்டிருந்தேன். சரி என்றார். பத்து நாள் கழித்துப் போனபோது சேச்சியின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. சாரை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரே குஷி. அந்தக் குஷிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணம்.

களமசேரியில் ஒரு பழைய ஃபேக்டரி ஷெட்டை எடுத்து ஒரு சின்னக் கம்பெனி புதுசாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. நாலு மாடி உயரத்துக்கு, செங்குத்தாக நிற்கிற இரும்புத் தண்டவாளம். அதில் ஒரு நாற்காலி. வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றால் நாற்காலி சட்டென்று மேலே போய் நிற்கும். விமானத்தில் ஏறுமுன் பைலட் பிள்ளைகளுக்கு அந்த உதை எப்படி இருக்கும் என்று காட்டிப் பழக்குவதற்காக. சார் அதற்கு ஆலோசகர். நாற்காலிக்கு மெத்தை தைக்கிற வேலையை எங்களிடம் கொடுத்தார். ஒரு விரல் கனத்துக்குக் கெட்டியான ஷீட்டு, அதன்மேல் ரெக்ஸின், வேறெதுவும் கூடாது. ஏன் சார் என்று கேட்டேன். சொன்னதைச் செய் என்றார். காரணம் சொல்லி வேலை வாங்குகிற வழக்கம் அவரிடம் இல்லை. மனுஷன் சுகமாக உட்காருவது இந்தக் கிழவனுக்குப் பொறுக்காது என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். சேச்சியின் கட்டிலைப் பார்த்த எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

தைத்ததையெல்லாம் களமசேரிக்குக் கொண்டுபோய் இறக்கியது என் தம்பி ஷெரீப். எங்கள் கடையின் குட்டி டெம்போவை அவன்தான் ஓட்டினான். ஒல்லி, ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். அங்கே மணல் மூட்டை, டம்மி, அதன்பிறகு கம்பெனி ஆட்கள் ஆறு பேர் என்று உட்காரவைத்துப் பார்த்து முடித்திருந்தார்கள். எல்லாரும் தாட்டியான ஆட்கள். எடை குறைந்தவர் ஒருவரையும் வைத்துப் பார்த்தால்தான் சோதனை முடியும். சார் கடைக்கு வந்து, எங்கள் டேப்பை எடுத்து, ஷெரீப்பை ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தார். அவன் சட்டையைத் தூக்கி, ஆட்டை விலை பேசுகிறவர் மாதிரி முதுகைத் தடவித்தடவி முள்ளை எண்ணினார். ஷெரீப்புக்குத் தலைகால் புரியவில்லை. பிளேனில் ஏறாமலே பைலட் ஆகப்போகிறேன் என்று உம்மாவிடம் போய்ச் சொன்னான். ஆபத்து ஒன்றும் இல்லையே சார் என்று நான் கேட்டேன். உட்கார்ந்த ஆறு பேரும் பஸ் ஏறித்தான் வீட்டுக்குப் போனார்கள் என்றார். அது உண்மைதான், நானும் விசாரித்தேன்.

அவன் உட்காரப்போகிற நாளுக்குப் புது மெத்தை ஒன்று கேட்டிருந்தார்கள். கெட்டி ஷீட்டை வெட்டி மேசையில் போட்டேன். கையால் தட்டினால் கட்டை மாதிரி சத்தம் வந்தது. என் தம்பி உட்காரப்போகிற இடம், கொஞ்சம் பதமாகத்தான் இருக்கட்டுமே என்று ஷீட்டுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் ஒரு இஞ்ச் மஞ்சள் ஸ்பாஞ்சை வைத்துத் தைத்தேன். ஓரத்தில் வைக்கவில்லை, நடுவில் மட்டும். சார் வந்தார். இந்தத் தடவை ஓரத்தை விட்டுவிட்டு நேராக நடுவில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். சரி, ஏற்று என்றார்.

சோதனை காலை பத்து மணிக்கு. நானும் போயிருந்தேன். ஷெரீப்பை வாரால் இறுக்கிக் கட்டி, தலைக்கு ஹெல்மெட் மாட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். கடை ஷட்டரை ஓங்கி இறக்கினால் வருகிற சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான், நாற்காலி மேலே போய் நின்றுவிட்டது. கீழே எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். ஷெரீப்பின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சார் கீழே நின்று கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினான். காலை ஆட்டச் சொன்னார், ஆட்டினான். உடனே அவர் திரும்பிக் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்.

நாற்காலியை இறக்கி வாரை அவிழ்த்தபோது ஷெரீப்பால் நிற்க முடியவில்லை. பேண்ட் நனைந்திருந்தது. ஒரு பலகையைக் கொண்டுவந்து அதில் அவனைக் கிடத்தினோம். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உம்மாவைக் கூப்பிட்டான். பத்தடி தள்ளி சார் திரையில் ஒரு கோட்டைப் பெரிதாக்கி, பக்கத்தில் இருந்த இன்ஜினியரிடம் அதன் உச்சியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுத்தமான கிராஃபைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

முதுகில் இரண்டு முள் நசுங்கியிருந்தது. மூன்றாம் நாள் சார் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஷெரீப்பின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, என்னைச் சாயா குடிக்க வெளியே கூட்டிப்போனார். சாயாக்கடையில் உட்கார்ந்ததும், மெத்தையில் ஸ்பாஞ்ச் வைத்தாய் அல்லவா என்றார். என் உள்ளங்கையைப் பிடித்துக் கவிழ்த்து, அதன் அடியில் தன் உள்ளங்கையை ஒட்டிவைத்து வேகமாக மேலே தூக்கினார். வலிக்கவில்லை. பிறகு தன் கையை ஒரு இஞ்ச் கீழே இறக்கிக்கொண்டு அதே வேகத்தில் தூக்கினார். பளாரென்று அறை விழுந்தது. கெட்டியாக இருந்தால் நாற்காலியும் ஆளும் ஒன்றாகக் கிளம்புவார்கள். மெத்தென்று இருந்தால் முதலில் ஸ்பாஞ்ச் நசுங்கும், ஆள் இருந்த இடத்திலேயே இருப்பான், அதற்குள் நாற்காலி வேகம் பிடித்துவிடும், வேகம் பிடித்த நாற்காலி வந்து முதுகை அடிக்கும். ஒல்லியான ஆளென்றால் அடி இன்னும் அதிகம். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். முதலில் ஏன் என்று கேட்டபோது இந்தப் பொறுமையில் கால்வாசி காட்டியிருந்தால் போதும்.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"அமுக்கிப் பாத்தப்பவே."

"அப்ப ஏன் நிறுத்தல?"

சாயாவில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே பதில் சொன்னார். "டம்மிக்கு முதுகெலும்பு இரும்பு. மெத்தை மெத்துனு இருந்தா மனுஷனுக்கு என்ன ஆகும்னு நாங்க கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கோம், ஆள வெச்சுப் பாத்ததில்ல. கேட்டா எந்த ஆபீசுலயும் விடமாட்டாங்க. நானா வெச்சிருந்தா அது தப்பு. நீயாத்தானே கொண்டுவந்து வெச்ச?" பிஸ்கட் ஊறி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அதை விரலால் வழித்துத் தின்றார். "உன் பேர நான் ரிப்போர்ட்ல போடல, பயப்படாதே. சேச்சி மெத்தையும் எனக்குத் தெரியும். யார்ட்டயாவது சொன்னேனா?"

அந்த டம்ளரைப் பிடுங்கி அவர் முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். எத்தனையோ முறை மனசுக்குள் ஊற்றியும் இருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது "சரி சார்" மட்டும்தான். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரோரமாக வாந்தியெடுத்தேன். அவரை நினைத்து எடுத்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வருவதை நிறுத்துவார் என்று பார்த்தால், முன்னைவிட அடிக்கடி வந்தார். சேச்சி போய்ச்சேர்ந்த மறுவாரம் அந்த மெத்தையை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, உறையை மாற்றினால் யாருக்காவது ஆகும் என்றார். புண்ணிலிருந்து ஊறிய கறை ஸ்பாஞ்சில் அப்படியே இருந்தது. மற்றபடி வருவதெல்லாம் ஷெரீப்பைப் பார்க்கத்தான். இருமினால் எந்தப் பக்கம் வலிக்கிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, கால் மரத்துப்போகிறதா என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அவனுக்கு அது பெருமை. டெம்போவை விற்றாகிவிட்டது. கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும், அதுதான் இப்போது அவன் பிழைப்பு. நான் சாருக்கு ஸ்டூல் போட்டேன், சாயா வாங்கிக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. ஸ்பாஞ்ச் வைத்தது நான்தான் என்று ஷெரீப்புக்குத் தெரிந்துவிடக் கூடாது, எனக்கு வேறு பயமே இல்லை. அந்தப் பயத்தின் முடிச்சு அவர் கையில் இருந்தது. அவரும் அதை ஒருநாளும் இழுத்துக் காட்டியதில்லை, அது இன்னும் கேவலமாக இருந்தது. ஷெரீப்புக்குத் தமிழ் பேச வரும், படிக்க மலையாளம்தான். இதை எழுதும்போதுகூட அந்த வசதியை நினைத்துக்கொள்கிறேன், என் லட்சணம் அப்படி.

போன மழைக்காலத்தில் ஒரு காலையில் சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். பால்காரர் பார்த்துச் சொன்னார். எனக்கு ஒரு சொட்டுக்கூடத் துக்கம் வரவில்லை, அப்பாடா என்றுதான் இருந்தது. ஷெரீப் போயே தீருவேன் என்று முதுகுக்குப் போடுகிற பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினான். மழையில் மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தவரின் கால்மாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

கடைக்குத் திரும்பியதும் அவனை உள்ளறைக் கட்டிலில் உட்காரவைத்தேன். நல்ல மனுஷர் இக்கா, என் முதுகைப் பற்றி அக்கறையாகக் கேட்க இனி யார் இருக்கிறார்கள் என்றான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆளுக்கு முன்கூட்டியே தெரியும், அமுக்கிப் பார்த்தபோதே தெரியும், தெரிந்தேதான் உன்னை ஏற்றினான் என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும் என்று புரிந்தது. மெத்தையில் ஸ்பாஞ்சை வைத்தது நான்தான் என்றேன்.

ஷெரீப் என்னைப் பார்க்கவில்லை, பெல்ட்டின் கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அறியும் இக்கா. உக்காந்தப்பவே அறிஞ்சாச்சு. முந்தி கொண்டுபோனதெல்லாம் பலகை மாதிரி இருக்கும், நான்தானே ஏத்தி எறக்கினேன். இது நல்ல சுகமா இருந்துச்சு. எனக்குன்னு இக்கா வெச்சதுன்னு நெனச்சேன். சொன்னா சார் அத மாத்திப்புடுவாருன்னு மிண்டாம வாய மூடிட்டு இருந்தேன்."

அவன் படுக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது. கையை நீட்டினான். ஒரு கையால் அவன் கழுத்தையும் மறுகையால் முட்டியையும் பிடித்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, ஆட்டாமல் மெதுவாகச் சாய்த்தேன்.